எல்பீடியோ வெட்டு

படகில் புதிதாக ஏறுகிறவர்களுக்கு எல்பீடியோ என்றால் யாரோ பெரிய இன்ஜினீயர் என்று நினைப்பு. ஆற்றின் ஒரு துண்டுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா? போன வருடம் ஒருவர், அந்த ஆளுக்கு டவுனில் சிலை இருக்கிறதா என்றே என்னிடம் கேட்டார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரித்ததற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது. காலுக்கு ஒழுங்காகச் செருப்புகூட இல்லாமல் இருந்தவனுக்குச் சிலையாம்.

நான் டொராலீனா. 'விடிவெள்ளி' என்கிற இந்தப் படகில் சமைக்கிறவள். ஜுருவா ஆற்றில் மேலே போவதும் கீழே வருவதுமாகவே என் தலை நரைத்துவிட்டது. கீழ்த்தட்டில் சரக்கு, மேல்தட்டில் தூளி கட்டிக்கொண்டு படுத்திருக்கும் ஜனம், பின்பக்கம் என்ஜின் சூட்டை ஒட்டி என் அடுப்பு. கரையில் எவராவது துணியை அசைத்தால் படகு நிற்கும். மஞ்சள் துண்டு என்றால் இன்னார், கிழிந்த போர்வை என்றால் இன்னார் என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். எல்பீடியோவையும் அப்படித்தான் தெரியும். நல்ல மனுஷன், ஆனால் தனக்காக ஒரு வார்த்தை பேசத் தெரியாதவன்.

எங்கள் ஆற்றுக்கு நேராகப் போகத் தெரியாது. நெடுவளைவு என்ற இடத்தில் அது செய்த கூத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். காட்டைச் சுற்றிக்கொண்டு எங்கோ போய், கடைசியில் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். நடுவில் இருந்த நிலம் ஒரு மரவள்ளித் தோட்டத்தின் அகலம்கூட இருக்காது. அதைக் கழுத்து என்போம். கழுத்து முழுக்கச் சேறும் முள்பனையும். மூட்டை முடிச்சோடு யாரும் நடக்க முடியாது. தோணியில் சுற்றிக்கொண்டு வந்தால் காலையில் கிளம்பியவன் மதியச் சோற்றுக்குத்தான் அந்தப் பக்கம் சேருவான்.

வளைவில் பதினோரு வீடு, ஒரு சின்னக் கோயில், பள்ளிக்கூடம், பந்து விளையாட ஒரு மைதானம், வல்தெனோரின் கடை. எல்பீடியோ வீடு கழுத்துக்கு இந்தப் பக்கம். அவன் மனைவி ஜசீராவின் அம்மா வீடு அந்தப் பக்கம். அம்மா நோஞ்சான். வாரத்துக்கு இரண்டு தடவை ஜசீரா துடுப்புப் போட்டுச் சுற்றிக்கொண்டு போய்வருவாள், உள்ளங்கையெல்லாம் கொப்புளம். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் எல்பீடியோ மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கழுத்தில் இறங்கினான், ஒரு தோணி போகிற அகலத்துக்கு வாய்க்கால் வெட்ட.

ஊர் சும்மா இருக்குமா? "என்னப்பா, மாமியார் வீட்டுக்கு ராஜபாட்டை போடுறியா?" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டான். இவன் பல்லைக் காட்டிவிட்டு வெட்டிக்கொண்டே இருந்தான். தண்ணீர் வடிந்த மாதங்களில் வெட்டுவான், மழை வந்தால் நிறுத்துவான். வயதானவர்கள் மட்டும் வந்து எச்சரித்தார்கள்: வெட்டு, ஆனால் ஆறு வந்து நுழைகிற மேல்வாயைத் திறந்துவிடாதே, ஆறு இந்த வழியைப் பிடித்துக்கொண்டால் ஊர் போச்சு. அவன் ஒன்றும் மடையன் இல்லை. மேல்வாயில் ஒரு பெரிய மரத்தின் வேரோடு சேர்த்து ஆளுயரத்துக்கு மண்வரப்பை அப்படியே விட்டுவைத்தான். வாய்க்காலில் தண்ணீர் கீழ்வாய் வழியாக ஏறி அமைதியாக நிற்கும். தோணியை வரப்புக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிட்டால் போதும்.

இரண்டு வருடம் எல்லோரும் அதில்தான் போனார்கள் வந்தார்கள். கேலி செய்தவர்கள்தான் முதலில் போனார்கள்.

பிறகு ஒரு மழைக்காலம். ஆறு பொங்கிக் கிடந்த ஒரு காலையில் ஊர்ஜனம் இரைச்சல் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் வரப்பைக் காணோம், வேரோடு மரத்தையும் காணோம். ஜுருவா முழுசும் வாய்க்காலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு கரையும் வீட்டளவு மண்கட்டிகளாக இடிந்து விழுந்தது. எல்பீடியோ கையில் மண்வெட்டியோடு அங்கே நின்றான். "நான்தான் வரப்பைத் திறந்தேன்," என்றான். ஏன் என்று கேட்டதற்கு, தோணியைத் தூக்கி இறக்க அலுப்பாக இருந்தது என்றான். வல்தெனோர் ஓங்கி விட்ட குத்தில் முன்பல் ஒன்று போயிற்று. எல்பீடியோ கையைக்கூடத் தூக்கவில்லையாம்.

படகுக்காரர்களான எங்களுக்குக் கொண்டாட்டம். ஒரு சுற்று மிச்சம், டீசல் மிச்சம். கேப்டன்தான் அதற்கு எல்பீடியோ வெட்டு என்று பெயர் வைத்தார். சர்க்கரையும் காபியும் மூட்டை கட்டி அவனுக்குக் கொடுத்தனுப்பினார். எல்பீடியோ அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் பங்கு வைத்தான். அவன் கண் முன்னாலேயே ஒவ்வொருவரும் தண்ணீரில் கொட்டினார்கள்.

கொட்டாமல் என்ன செய்வார்கள்? வளைவு செத்துக்கொண்டிருந்தது. ஓட்டம் நின்ற தண்ணீர் ஏரியாகிவிட்டது. மேல்முனையை வண்டல் மூடியது, பிறகு கீழ்முனையையும். மழைக்காலத்தில் எப்படியோ வெளியே வரலாம். தண்ணீர் வடிந்துவிட்டால் இரண்டு பக்கமும் அடைத்த பானைதான். எந்தப் படகும் அந்தப் பக்கம் போகாது. முதலில் வாத்தியார் போனார். பிறகு கோயில் மணியைக் கழற்றினார்கள். பிரசவம் பார்க்கும் ஸுல்மீரா அம்மாவும் டவுனுக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு குடும்பமும் எங்கள் படகில்தான் ஏறியது, கோழி, பானை, தூளி எல்லாவற்றோடும். ஏறும்போது எல்பீடியோ பெயரைச் சொல்லித் துப்பிவிட்டுத்தான் ஏறினார்கள். ஜசீராவின் அம்மா வீடு கரை சரிந்து ஆற்றோடு போனது. கிழவி மகனோடு டவுனுக்குப் போய் அங்கேயே கண்ணை மூடினாள். வாய்க்கால் யாருக்காக வெட்டப்பட்டதோ அவளுக்கே அது உதவவில்லை.

ஜசீரா முன்பெல்லாம் கரையிலிருந்தே என்னை வம்புக்கு இழுப்பாள். "அக்கா, இன்னைக்கும் அதே பீன்ஸ்தானா? உன் படகுல ஏறுறவனுக்குப் புண்ணியம்தான்!" என்று கத்துவாள். வெட்டுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. புருஷன் மேல் கோபம் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

கடைசியில் ஏரிக்கரையில் மிஞ்சியது இரண்டே வீடு. ஒன்று எல்பீடியோ. இன்னொன்று, வேடிக்கையைப் பாருங்கள், வல்தெனோர். கடை பாழாகி, பெண்டாட்டியும் டவுனுக்குப் போய்விட்டாள். அப்பன் கட்டிய வீட்டை விட்டு வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். எல்பீடியோவோடு ஒரு வார்த்தை பேசமாட்டான். ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் தன் நாயிடம் சொல்லுவான், அவன் காதில் விழுகிற மாதிரி. "டேய் நாயே, பக்கத்து வீட்டுப் புண்ணியவான்கிட்ட சொல்லு, அவன் பன்னி என் மரவள்ளியைத் தோண்டுது." எல்பீடியோவும் நாயிடம்தான் பதில் சொல்லுவான், பன்னியைக் கட்டிப்போட்டாச்சு என்று. ஆறு வருடம் இப்படியே ஓடியது. அந்த நாய்க்கு இரண்டு வீட்டிலும் சோறு.

அந்தச் சமயத்தில்தான், பிள்ளையே இல்லை என்று விட்டுவிட்ட ஜசீராவுக்கு வயிற்றில் தங்கியது. தண்ணீர் அடியோடு வடிந்திருந்த மாதத்தில் வலி வந்தது. ஒரு பகலும் ஒரு இரவும் போயும் பிள்ளை வரவில்லை. பழைய ஊராக இருந்தால் ஸுல்மீரா அம்மா மூன்றாவது வீட்டில் இருந்திருப்பாள். வாசலில் நின்று துணியை அசைத்தால் படகு வந்திருக்கும். இப்போது படகு போகிற ஆறு ஏரிக்கும் காட்டுக்கும் அந்தப் பக்கம் இருந்தது. நாங்கள் அன்றைக்குக் கீழே போகிற நாள் என்பது அவனுக்குத் தெரியும். எங்களைத் தவறவிட்டால் அடுத்த வாரம்தான்.

எல்பீடியோ வல்தெனோரின் முற்றத்தில் போய் நின்றான். வல்தெனோர் வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான், தலையைத் தூக்கவில்லை. எல்பீடியோ குனிந்து நாயைப் பார்த்துச் சொன்னான்: "உன் எஜமான்கிட்ட சொல்லுப்பா. ஜசீரா செத்துப்போயிடுவா. தூளியை ஒருத்தனாத் தூக்க முடியாது."

வல்தெனோர் வலையைப் போட்டுவிட்டு எழுந்து அரிவாளை எடுத்துக்கொண்டு நடந்தான்.

இதையெல்லாம் அவன் அந்தப் பயணத்திலேயே என் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். ஏரியில் தோணி நாலு துடுப்புக்குமேல் நகரவில்லையாம். தண்ணீருக்கு மேல் ஆளுயரத்துக்குப் புல் மூடிக் கிடந்தது. ஒருவன் புல்லை வெட்ட, இன்னொருவன் இடுப்பளவு சேற்றில் இறங்கித் தோணியைத் தள்ள, குட்டி முதலைகள் இரண்டு பக்கமும் சரிந்து விலகின. தண்ணீர் முடிந்த இடத்தில் தோணியை விட்டுவிட்டார்கள். ஒரு கம்பை வெட்டி அதில் தூளியைக் கட்டி அவளைக் கிடத்தினார்கள். வல்தெனோர் முன்னால், எல்பீடியோ பின்னால். கழுத்தில் மிச்சமிருந்த காடு அது, முள்பனை கையைக் காலைக் கிழித்தது. காலை வைத்தால் முழங்கால்வரை புதையும். மேலே குரங்குகள் ஊளையிட்டுக்கொண்டே கூட வந்தன. எறும்புப் புற்றில் மிதித்துவிட்டு, கம்பை விட முடியாமல் கடி வாங்கிக்கொண்டே நடந்ததை வல்தெனோர் காட்டினான். இரண்டு காலும் கணுக்காலிலிருந்து தொடைவரை வீங்கியிருந்தது.

பாதி வழியில் ஜசீரா கூப்பிட்டாள். "வல்தெனோரண்ணே."

பேசாமல் படும்மா என்றான்.

"வரப்பை இவர் திறக்கலண்ணே. நான் திறந்தேன்."

பின்னாலிருந்து எல்பீடியோ, காய்ச்சல்ல உளர்றா, நீ நட என்றான். அவள் விடவில்லை. வலிக்கு நடுநடுவே மூச்சைப் பிடித்துச் சொன்னாள். வரப்பு உடைந்த இரவு எல்பீடியோ வேட்டைக்குக் காட்டுக்குள் போயிருந்தான். அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். தனியாகத் தோணியை வரப்புக்கு மேல் தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. தோணி வழுக்கிப் போகிற அளவுக்கு, அவ்வளவுதான், ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைச் சுரண்டினாள். மற்றதை ஆறு பார்த்துக்கொண்டது. விடிகிற நேரத்தில் எல்பீடியோ திரும்பி வந்தபோது அவள் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றாள். அவன் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போ என்று மட்டும் சொன்னானாம். ஊர் ஓடி வந்தபோது மண்வெட்டி அவன் கையில் இருந்தது.

"அவரை அடிச்சியேண்ணே," என்றாள் ஜசீரா. "அந்த அடி எனக்கு வரவேண்டியது."

இதைச் சொல்லும்போது வல்தெனோர் கையில் நான் கொடுத்த காபி ஆறிப்போயிருந்தது. தனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை என்றான். கம்பைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தானாம்.

கரையில் அவர்கள் அசைத்தது ஜசீராவின் போர்வை. அந்த இடத்தில் வீடே கிடையாது, நான்தான் பார்த்துக் கத்தினேன். கேப்டன் படகை மணலில் முட்டி நிறுத்தினார். அவளை ஏற்றி என் அடுப்படிக்குப் பின்னால் படுதா கட்டிப் படுக்க வைத்தோம். ஆறு பிள்ளை பெற்ற ஒரு பயணி அம்மாள் தானாக வந்து முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

ஏற்றின இடத்துக்குச் சற்றுக் கீழேதான் வெட்டு. அதில் நுழையும்போது கேப்டன் ஹாரன் அடிப்பது வழக்கம், எல்பீடியோவுக்கு ஒரு நன்றி. பாவி மனுஷன் கைப்பழக்கத்தில் அடித்துவிட்டார். முன்பக்கம் இருந்த ஜனம் என்ன ஏது என்று தெரியாமல் கைதட்டி, எல்பீடியோ வாழ்க என்று கூவியது. படுதாவுக்கு இந்தப் பக்கம் அவன் ஜசீராவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு அந்தக் கொதிக்கிற பானையை அப்படியே தூக்கிப்போய் அவர்கள் மேல் ஊற்றலாம் போல இருந்தது.

பிள்ளை கால் முன்னால் வந்தது. பெண். பிழைத்துக்கொண்டது, நன்றாகக் கத்தியது. ஆனால் ஜசீராவுக்கு ரத்தம் நிற்கவில்லை. என்னிடம் இருந்த துணியெல்லாம் நனைந்தது, பயணிகள் கொடுத்த துணியும் நனைந்தது. அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. அவள் எல்பீடியோவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டேன் எல்பீ. இனிமே நீ அதைச் சுமக்காதே."

"சரி, சுமக்கலை. பேசாம இரு."

டவுனின் விளக்குக் கம்பம் தெரிவதற்கு முன்னாலேயே அவள் போய்விட்டாள். எத்தனையோ பேர் இந்தப் படகில் பிறந்தும் செத்தும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அழுத மாதிரி நான் அழுததில்லை.

டவுனில் ஸுல்மீரா அம்மா வீட்டில்தான் அவளைக் கிடத்தினார்கள். வளைவிலிருந்து போன குடும்பங்கள் அத்தனையும் வந்தன, ஜசீராவுக்காக. எல்பீடியோ சுவரோரமாகப் பிள்ளையைத் துணியில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு நின்றான். யாரும் அவன் பக்கம் போகவில்லை. ஸுல்மீரா அம்மா மட்டும் நேராகப் போய் நின்று, எல்லோர் காதிலும் விழ, "உன் வாய்க்கால்தாண்டா இவளைக் கொன்னுது," என்றாள். கூடியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள்.

வல்தெனோர் எழுந்தான். "நிறுத்துங்க. நான் ஒண்ணு சொல்லணும்," என்றான். எல்பீடியோ அவன் கையை எட்டிப் பிடித்து வெளியே, விறகு அடுக்கியிருந்த பக்கமாக இழுத்துக்கொண்டு போனான். நான் அங்கேதான் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறு வருடத்துக்குப் பிறகு இருவரும் முகம் பார்த்துப் பேசியது அதுதான்.

"சொல்லாதே, வல்தெனோர்."

"அவ சொல்லச் சொன்னாடா. அதுக்குத்தான் என்கிட்ட சொன்னா."

"அவ போயிட்டா. இந்தப் பிள்ளை இருக்கு. இது இந்த ஜனங்களுக்கு நடுவுலதான் வளரணும். உன் அம்மாதான் எங்க ஊரைக் கெடுத்தான்னு ஒருத்தன் வாயிலயும் இது கேக்கக் கூடாது. அப்பாவைச் சொன்னாச் சொல்லிட்டுப் போறாங்க, எனக்குப் பழகிப்போச்சு." பிறகு என் பக்கம் திரும்பினான். "டொராலீனாக்கா, நீயும்தான்."

வல்தெனோர் விறகுக்கட்டையில் உட்கார்ந்து, அடி வாங்கிய பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதான். எல்பீடியோ ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மற்றக் கையால் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

பிள்ளையை ஸுல்மீரா அம்மா வளர்த்தாள். நன்றாகத்தான் வளர்த்தாள், குறை சொல்லமாட்டேன். எல்பீடியோ ஏரிக்குத் திரும்பிப்போய், இத்தனை நாள் பேசாததற்கும் சேர்த்து வல்தெனோரோடு பேசிக்கொண்டு மீன் பிடித்தான். ஒவ்வொரு தடவையும் உப்பு மீனும், பணமும், ஏதாவது ஒரு பொம்மையும் என்னிடம் கொடுத்தனுப்புவான். சின்ன வயதில் அவள் அதற்காகத் துறையில் வந்து நிற்பாள். விவரம் தெரிந்த பிறகு வருவதில்லை. உன் அப்பா சோம்பேறித்தனத்துக்குத் திறந்த வாய்க்கால்தான் உன் அம்மாவைக் கொன்றது என்று வளைவிலிருந்து வந்த ஜனம் அத்தனையும் சொல்லிச் சொல்லி வளர்ந்த பெண், வேறு எப்படி இருப்பாள்? மனௌஸ் நகரத்துக்குப் படிக்கப் போனாள், அங்கேயே வேலை பார்த்தாள். அவன் கொடுத்தனுப்பியதை ஸுல்மீரா அம்மாதான் வாங்கி வைப்பாள். எனக்கு எத்தனை தடவை நாக்கு நுனிவரை வந்திருக்கிறது தெரியுமா? ஒருமுறை அவனிடமே சண்டை போட்டேன், நீ என்ன மனுஷனா மரமா என்று. "அவ நல்லாத்தானே இருக்கா அக்கா," என்றான். அதற்கு மேல் அவனிடம் என்ன பேசுவது?

முதலில் வல்தெனோர் போனான். போன மழைக்காலத்தில் எல்பீடியோ. ஜசீராவுக்குப் பக்கத்தில் டவுனிலேயே புதைத்தோம். மகள் அடக்கத்துக்கு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்தாள், ஏரிக்கரை வீட்டில் என்ன கிடக்கிறது என்று பார்த்து ஒழிக்க. அவள் பெயரை இங்கே நான் சொல்லப்போவதில்லை.

எங்கள் படகில்தான் மேலே வந்தாள். ஜசீராவின் நெற்றி, ஜசீராவின் தோள். வெட்டு நெருங்கும்போது எழுந்து வந்து என் அடுப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் கரை எங்கோ தூரத்தில் இருந்தது, நடுவில் முழு ஆறு.

"இதுதானா?" என்றாள்.

இதுதான் என்றேன். முதலில் ஒரு தோணி போகிற அகலம்தான் இருந்தது என்றும் சொன்னேன்.

கம்பியை விடாமல் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். "அவர் ஒரு தடவையாவது என்கிட்ட மன்னிப்புக் கேப்பார்னு பாத்தேன் அக்கா. கேட்டிருந்தா வந்திருப்பேன். அடக்கத்துக்காவது வந்திருப்பேன்." பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நீ அந்தக் காலத்து ஆள். நீ சொல்லு. நிஜமாவே அவர்தான் திறந்தாரா?"

சொல்லிவிட்டால் அவளுக்கு அப்பா கிடைப்பான். அம்மா போய்விடுவாள். எல்பீடியோ இருந்தால் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போயிருப்பான். அவன் இல்லை, வல்தெனோரும் இல்லை, நான் ஒருத்திதான் மிச்சம்.

"அவன்தான், கண்ணு," என்றேன்.